கரும்புச் சாறும் ஆன்டெனாப் பலகையும்

நெல்லிக்குப்பம் என்றதும் நினைவுக்கு வருவது பாரி சர்க்கரை ஆலை. சர்க்கரை ஆலைகளில் 'பிரிக்ஸ்' எனும் சர்க்கரை அளவைப் பார்க்க ஒரு கருவி உண்டு. கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டால் போதும். ஒளி அதற்குள் எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டே சர்க்கரை அளவை மதிப்பிட்டுவிடலாம். வெறும் நீரின் ஒளிவிலகல் எண் 1.33, 18 பிரிக்ஸ் சாற்றுக்கு 1.36.

ஆன்டெனா செய்பவரும் இதைத்தான் செய்கிறார். அவருக்கு ஒளிக்குப் பதில் ரேடியோ அலை. சாற்றுக்குப் பதில், செம்புத் தகடு ஒட்டிய பலகை.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பாதி நீளம், காற்றில் 6.25 செ.மீ. எஃப்.ஆர்.4 எனும் கண்ணாடியிழைப் பலகைமேல் ஏறினால் அலை மெதுவாகும். ஆன்டெனாவின் செம்புத் தகடு பாதி அலைக்குச் சமமாக, சுமார் 3 செ.மீ. இருந்தால் போதும். இந்த மெதுவாக்கும் தன்மையைச் சொல்லும் எண், ஒப்புமை விடுதிறன். எஃப்.ஆர்.4-க்கு அது ஏறத்தாழ 4.4, அதன் வர்க்கமூலமான விலகல் எண் 2.1; அத்தனை மடங்கு அலை சுருங்குகிறது.

ஒளியில் அளந்த எண்ணையே வைத்துக்கொள்ளக் கூடாதா? நீரைப் பாருங்கள். ஒளிக்கு 1.33 ஆக இருக்கும் விலகல் எண், வைஃபை அலைக்கு ஏறக்குறைய 9. ரேடியோ அலையின் மின்புலத்துக்கு ஏற்ப நீர் மூலக்கூறுகள் திரும்பும். ஒளியின் வேகத் துடிப்புக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. எனவே எந்த அலைக்கு ஆன்டெனாவோ, அந்த அலையிலேயே அளக்க வேண்டும். ஜகதீச சந்திர போஸ் 1895-இலேயே கந்தகத்தின் விலகல் எண்ணை ரேடியோ அலையில் அளந்து காட்டினார்.

இன்றைய வழிகளில் ஒன்று எளிது. பலகைமேல் ஒரு செம்பு வளையம். இருபுறமும் அதைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டு இரண்டு செம்புப் பட்டைகள். நெட்வொர்க் அனலைசர் எனும் கருவி ஒரு பட்டையில் அலையைச் செலுத்தி, மறு பட்டையில் வருவதை வரைந்தபடி அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். வளையத்தைச் சுற்றி முழு அலை சரியாகப் பொருந்தும் இடத்தில் வரைபடம் சட்டென்று உயரும். வளையத்தின் அளவும் அந்த அதிர்வெண்ணும் தெரிந்தால், அலையின் ஒரு பகுதி காற்றில் போவதைக் கழித்து விடுதிறனைக் கணக்கிடலாம். முகடு கூர்மையாக இருந்தால் இழப்பு குறைவு. மழுங்கியிருந்தால் பலகை அலையைத் தின்று வெப்பமாக்குகிறது.

இவ்வளவு மெனக்கெடல் ஏன்? 4.4 என்று நம்பிய பலகை உண்மையில் 4.2 ஆக இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய ஆன்டெனா 2.456-இல் போய் நிற்கும். ஒரே கரும்பு ரகம்தான் என்றாலும் வயலுக்கு வயல் பிரிக்ஸ் மாறுகிறது; எஃப்.ஆர்.4 என்ற ஒரே பெயரில் வரும் பலகைகளும் அப்படியே. ரகத்தின் பெயரை வைத்துச் சாற்றின் இனிப்பை முடிவு செய்ய முடியாது. ஆன்டெனாக்காரரும் பெயரைப் பார்த்துச் செம்பை வெட்டக் கூடாது.