திடீர்ச் செல்வமும் ஊர்நலமும்

எதிர்பாராது பெரும்பொருள் கைவருமாயின் ஊருக்கு என்ன செய்வோம் என்று எண்ணிப் பாராதவர் நம்முள் அரியர். ஒருவர் கோயிற் கோபுரம் எழுப்புவார்; ஒருவர் வைத்தியசாலை அமைப்பார்; வேறொருவர் ஏழை மாணவர்க்கு உதவுவார். எண்ணங்கள் யாவும் நல்லனவே. ஆயினும், எதைச் செய்வது என்பதற்கு முன்னே விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு. அப்பொருள் எத்தனை ஆண்டு ஊருக்குப் பயன்படும் என்பதே அது.

ஒரு கோடி ரூபாய் கிடைத்ததென்று கொள்வோம். பத்தாயிரம் வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வரும். சில நாளில் அது செலவாகிவிடும். அதனையே முதலாக வைத்து நூற்றுக்கு எட்டு வீதம் வருவாய் பெற்றால் ஆண்டுக்கு எட்டு இலட்சம் கிடைக்கும். இரண்டு இலட்சத்தை முதலோடு சேர்த்துவிட்டாலும் எஞ்சிய ஆறு இலட்சத்தில் ஐம்பது மாணவர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஆண்டு முழுவதும் வழங்கலாம். அடுத்த ஆண்டும் வழங்கலாம். விளைச்சல் எத்துணைப் பெரிதாயினும் விதைநெல்லை ஒதுக்கிய பின்னரே உண்ணும் நம் போடியார்மார்க்கு இக்கணக்கைக் கற்பிக்க வேண்டியதில்லை.

விதி வகுத்தல் மட்டும் போதாது. அதனைக் காப்பாரும் வேண்டும். சென்னையிலே துபாஷித் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794ஆம் ஆண்டு தம் பொருளை அறத்துக்கென மரணசாசனம் எழுதிவைத்துக் காலமானார். பின்னர் எழுந்த வழக்குகளால் அவர் எண்ணம் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டுத் தருமகர்த்தர் சபை அமைந்த பின்னரே, 1842இல், அவர் பெயராற் பாடசாலை தோன்றிற்று. அதுவே இன்று பச்சையப்பன் கல்லூரியாய் விளங்குகின்றது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தும் அப்பொருள் பயன்பட்டமைக்கு, அது அறப்பொருள் என எழுத்தில் நின்றதே காரணம்.

முதலைக் காத்தலிலும் விழிப்பு வேண்டும். அல்பிரட் நோபல் 1895இல் எழுதிய சாசனப்படி அவரது செல்வம், மூன்று கோடிக்கு மேற்பட்ட சுவீடன் நாட்டுக் குரோனர், பாதுகாப்பான முதலீடுகளில் இடப்பட்டது. அதன் வருவாயிலிருந்து 1901 முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. ஆனால் வரியும் விலையேற்றமும் பரிசின் பெறுமதியைத் தேய்த்தன. 1953இல் முதலீட்டு விதி தளர்த்தப்பட்டுப் பங்குகளிலும் பணமிட இடமளிக்கப்பட்ட பின்னரே அந்நிதி மீண்டும் வளர்ந்தது. 2022ஆம் ஆண்டின் விலையேற்றத்தைக் கண்ட நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். முதல் முழுவதையும் ஒரே வழியில் முடக்குதல் தகாது.

திடீர்ச் செல்வம் நம் நாட்டுக் கரைக்கும் ஒருமுறை வந்தது. 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோரங்களை அழித்தபின் உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. அதனால் மீண்டெழுந்தோர் மிகப் பலர். எனினும், இலங்கைக் கரையோரத்திற் பல இடங்களில் முன்னிருந்தவற்றினும் மிகுதியாகச் சிறு தோணிகள் வழங்கப்பட்டன. வேண்டுவது யாதென மக்களை வினவாது கொடுத்தால், நல்லெண்ணமும் நெறி தவறும் என்பதற்கு இதுவே சான்று.

இனி, பொருள் மட்டுமே அறத்தை ஆக்குமோ? 1929இல் அண்ணாமலைச் செட்டியாரின் இருபது இலட்ச ரூபாய்க் கொடையாற் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதே ஆண்டில், தமக்கெனச் செல்வமில்லாத் துறவியாகிய விபுலாநந்த அடிகள் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். 1931இல் அவ்வடிகளே அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். வள்ளலின் பொருளுக்கும் ஆளுக்குத் தேவையிருந்தது. அந்த ஆள் மட்டக்களப்பிலிருந்து சென்றார்.

ஆகவே, பெரும்பொருள் வருமாயின் நாம் செய்யத்தக்கவை நான்கு: முதலில் தேவையை மக்களிடமே கேட்டறிதல், முதலைத் தொடாது வருவாயை மட்டும் செலவிடுதல், வருவாயில் ஒரு பங்கை முதலோடு சேர்த்தல், பலர் கூடிக் காத்து ஆண்டுதோறும் கணக்கைப் பகிரங்கப்படுத்தல். இவற்றுள் ஈற்றது நமக்குப் புதிதன்று. கொக்கட்டிச்சோலை முதலிய தேசத்துக் கோயில்களில் குடிகள் திருவிழாக்களைப் பகிர்ந்து நடத்த, வண்ணக்கர்மார் கோயிலுடைமையை மேற்பார்க்கும் மரபு நம்மிடையே உள்ளது. கோயிலுக்குக் காட்டும் அக்கறையைக் கல்விநிதிக்கும் காட்டினாற் போதும்.

கோடி வரும்வரை காத்திருக்க வேண்டுவதுமில்லை. ஓர் இலட்சத்துக்கும் இவ்விதியே பொருந்தும். எட்டு வீதத்தில் ஆண்டுக்கு எண்ணாயிரம் வரும். படுவான்கரையிலிருந்து வாவி கடந்து கற்கவரும் மாணவன் ஒருவனுக்குப் புத்தகச் செலவில் அது பெருந்துணையாகும். பழைய மாணவராகிய நாம் இச்சிறு நிதியை ஒழுங்காக நடத்திக் காட்டினால், பெரும்பொருள் உடையாரும் அதனை நம்மிடம் நம்பி ஒப்படைப்பர்.