ஓட்டு வேறானால் உறவும் வேறாகணுமா?



தேர்தல் வந்தால் தலைவர்கள் மேடையில் திட்டிக் கொள்வார்கள். பிறகு கல்யாண வீட்டில் பார்த்தால் சிரித்துப் பேசிக் கொள்வார்கள். முகத்தைத் திருப்பிக் கொண்டு நிற்பதென்னவோ நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்கள்தான். இது நம் ஊரில் மட்டும் இல்லைங்க, அமெரிக்காவிலும் இதே கதைதான்!

2016 நவம்பரில் அங்கே நடந்த அதிபர் தேர்தலில் டொனால்டு டிரம்ப் ஜெயித்தார். ஆனால், நாடு முழுக்க விழுந்த ஓட்டுகளைக் கூட்டிப் பார்த்தால், தோற்ற ஹிலாரி கிளிண்டனுக்குத்தான் சுமார் 28 லட்சம் கூடுதல். மாநில வாரியாகக் கணக்கிட்டு அதிபரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் முறை. தோற்ற தரப்புக்கு மனசு ஆறவில்லை. ஜெயித்த தரப்புக்கோ, 'நம்மை மட்டமாகப் பார்க்கிறார்களே' என்ற கோபம். சொந்தபந்தத்துக்குள்ளேயே பேச்சு நின்று போனது.

அடுத்த மாதமே, ஒஹாயோ மாநிலத்தில் சவுத் லெபனான் என்ற சின்ன ஊரில், டிரம்ப்பை ஆதரித்த 10 பேரையும் ஹிலாரியை ஆதரித்த 11 பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். அதற்கு முறை வகுத்துக் கொடுத்தவர் பில் டோஹர்ட்டி. அவர் அரசியல்வாதி இல்லை. புருஷன் பெண்டாட்டி பிரச்னையைப் பேசித் தீர்க்க உதவும் குடும்பநல ஆலோசகர்! அந்தக் கூட்டம்தான் வளர்ந்து, இன்று 'பிரேவர் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பாக இருக்கிறது.

அவர்கள் முறை ரொம்ப எளிமை. இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய சம அளவு ஆட்கள். எதிராளியின் மனதை மாற்றப் பார்க்கக் கூடாது. முதலில், 'நம்மைப் பற்றி அவர்கள் என்ன தப்பாக நினைக்கிறார்கள், அதில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதா' என்று ஒவ்வொரு தரப்பும் தங்களுக்குள்ளேயே பேசி எழுத வேண்டும். அப்புறம் ஒரு தரப்பு நடுவில் உட்கார்ந்து, தங்கள் பக்கத்தில் இருக்கிற நல்லதையும் குறையையும் பேசும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, வாயே திறக்காமல் கேட்க வேண்டும். பிறகு இடம் மாறிக் கொள்வார்கள். கேள்வி கேட்டால் புரிந்து கொள்வதற்காகக் கேட்கணும், மடக்குவதற்காகக் கூடாது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் என் கணவர் ஒரு கட்சி, அவர் அண்ணன் வேறு கட்சி. ரிசல்ட் வந்த அன்று ஆரம்பித்த வாக்குவாதத்தில் இரண்டு பேரும் பேச்சையே விட்டு விட்டார்கள். என் மாமியார் சரியாகச் சாப்பிடுவதைக் கூட விட்டு விட்டார்.

ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் கூடிய போது, என் ஓரகத்தியும் நானும் பேசி வைத்துக் கொண்டு ஒரு நிபந்தனை போட்டோம். 'ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் குறுக்கே பேசக் கூடாது. கட்சியைப் பற்றி வேண்டாம். ஓட்டுப் போடும்போது உங்க மனசுல என்ன கவலை இருந்தது, அதை மட்டும் சொல்லுங்க' என்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் அண்ணன், 'பையன் படிப்பை முடிச்சு மூணு வருஷம் ஆச்சு, வேலை கிடைக்கலே. ராத்திரி தூக்கம் வரலேடா. அதை நினைச்சுத்தான் போட்டேன்' என்றார். என் கணவருக்குப் பதில் பேச வரவில்லை. 'இதை ஏண்ணே எங்கிட்ட சொல்லலே?' என்றார். அவ்வளவுதான்!

இன்றைக்கும் இரண்டு பேருக்கும் கட்சி வேறு வேறுதான். ஆனால், அண்ணன் மகனுக்காக நாலு இடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பவர் என் கணவர். மாமியார் வயிறாரச் சாப்பிடுகிறார்.

தோழியரே, 'ஏன் அவங்களுக்குப் போட்டே?' என்று அதட்டாமல், 'உனக்கு என்ன கவலை?' என்று கேட்டுப் பாருங்கள். நின்று போன பேச்சு தொடங்க அது போதும்.

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.