ஒரு கலத்தில் இரு பக்கங்கள்



கைத்தொலைபேசியில் நாம் சேமித்துவைக்கும் படங்களும் கணக்குகளும் பிளாஷ் நினைவகம் என்னும் சிலிக்கன் சில்லில், சிறைப்பட்ட இலத்திரன்களாகவே இருக்கின்றன. தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியப் பொறியியலாளர் பூஜியோ மசுவோகா இதனை 1984ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்.

இந்நினைவகத்தின் ஒவ்வொரு கலத்தையும் அரிசி அளக்கும் கொத்தாக எண்ணிப் பாருங்கள். கொத்து வெறுமையா, நிறைவா என்று மட்டும் கேட்டால் கண்பார்வை மங்கிய முதியவரும் சொல்லிவிடுவார். தொடக்ககாலக் கலங்கள் அத்தகையன. ஒரு கலத்தில் ஒன்று அல்லது பூச்சியம் என்ற ஒரு பிட் மட்டுமே அடங்கும். பின்னர், குறைந்த செலவில் கூடுதலாகச் சேமிக்க விரும்பிய உற்பத்தியாளர் அதே கொத்தில் நான்கு அளவுகளை வகுத்து இரண்டு பிட்களை அடக்கினர். மூன்று பிட்களுக்கு 8 அளவுகள் வேண்டும், நான்குக்கு 16. கோடுகள் நெருங்க நெருங்க நாலைந்து மணி சிந்தினாலும் அளவு பிழைத்துவிடும். ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அழித்தெழுதத் தாங்கிய கலம், இருபிட் முறையில் சில ஆயிரம் முறையோடு தளர்ந்துவிடுகிறது.

இத்தளர்ச்சியை மென்பொருள் ஒருவாறு சமாளிக்கும். பிழைதிருத்தும் குறியீடுகளை வலுவாக்கலாம். தேய்மானத்தைச் சில்லு முழுவதற்கும் பகிர்ந்தளிக்கலாம். பெரிய வில்லங்கம் வேறிடத்தில் உள்ளது.

பிளாஷ் நினைவகத்தில் பக்கம் பக்கமாகவே எழுதப்படும். ஒரு கலத்தின் இரு பிட்களும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவை என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. அவை இருவேறு பக்கங்களுக்கு உரியவை. முதற் பக்கத்தை இன்று எழுதுகிறோம். நாளை இரண்டாம் பக்கத்தை எழுதும்போது அதே கலங்களின் மின்னேற்றத்தையே மாற்றவேண்டும். அந்நேரம் மின்சாரம் தடைப்பட்டால், முதல்நாள் எழுதி முடித்த பக்கமும் உடன் கெடும். நேற்று மை காய்ந்த புள்ளிப்பட்டியல், இன்று வேறொரு தாளில் எழுதுகையில் விளக்கணைந்ததால் மறைந்தது என்று ஒருவர் வந்து கூறினால் எந்த ஆசிரியர் நம்புவார்?

ஆனால் கோப்புகளைக் காக்கும் மென்பொருள்களோ, எழுதி முடிந்தது நிலைக்கும் என்ற நம்பிக்கையின் மீதே கட்டப்பட்டவை. லினக்ஸ் இயங்குதளத்தில், வெறும் சில்லை நேரடியாகக் கையாளும் யூபிஐ என்னும் அடுக்கு ஒருபிட் கலங்களை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் அதனைப் பராமரிப்போர், இருபிட் சில்லுகளை ஏற்க மறுக்கும்படி அதை மாற்றினர். ஏற்றுக்கொண்டு பின்னர் இழப்பதிலும், முடியாது என்று முன்னரே சொல்வது நேர்மையன்றோ!

பரிகாரங்கள் இல்லாமலில்லை. இரு பக்கங்களும் நிறைவுறும்வரை சேமித்தாயிற்று என அறிவிக்காதிருக்கலாம். முதற் பக்கத்தின் பிரதியை வேறிடத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவதை எழுதலாம். மின்சாரம் நின்றபின்னும் தொடங்கிய எழுத்தை முடிக்குமளவுக்கு மின்னைத் தேக்கிவைக்கலாம். மிக எளியது, முதற் பக்கங்களை மட்டும் பயன்படுத்திப் பாதிக் கொள்ளளவை விட்டுக்கொடுப்பது. 2020ஆம் ஆண்டில் அதே யூபிஐ, இவ்வாறு பாதியளவில் பயன்படுத்தப்படும் இருபிட் சில்லுகளை மட்டும் ஏற்கத் தொடங்கியது.