அரப்பும் அறிவியலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற ஐயம் பாண்டிய மன்னனுக்கு எழுந்த கதையை நாம் அனைவரும் அறிவோம். மன்னனுக்கு வந்தது மணத்தைப் பற்றிய ஐயம். சென்ற ஆண்டு எங்கள் ஊர்ச் சந்தையில் கைக்குழந்தையுடன் வந்த ஒரு பெண்ணுக்கு வந்தது வேறோர் ஐயம். "ஏக்கா, இந்த அரப்பப் போட்டா முடி வளருமா? கொத்துக் கொத்தாக் கொட்டுது" என்று அவர் என் தாயாரிடம் கேட்டார்.

என் தாயார் அரப்பு விற்பவர். கரட்டோரத்தில் உள்ள உசிலை மரத்தின் தழையை ஒடித்து வந்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலித்து, வாரச் சந்தையில் படிக்கணக்கில் விற்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் அந்த அரப்புக் கூடையிலிருந்தே வந்தது. ஆயினும் முதலாண்டில், "உன் தலையில் என்ன பச்சிலை வாடை?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டதற்கு வெட்கப்பட்டு, நான் பாக்கெட் ஷாம்புவுக்கு மாறிவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒருவர், "முடி வளர்க்கும் மூலிகைப் பொடி" என்று அட்டை எழுதி வைத்து, ஏறக்குறைய அதே பொடியை மூன்று மடங்கு விலைக்கு விற்று வந்தார். அன்று இரவு அம்மா என்னைக் கேட்டார்: "நீ கெமிஸ்ட்ரி படிக்கிறயே கண்ணு, நாமளும் முடி வளரும்னு சொல்லி விக்கலாமா? அந்தப் புள்ளைக்கு அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கிறேன்."

எனக்கு விடை தெரியவில்லை. தேடினேன். தேடிக் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

நுரை வருவது எதனால்?

அரப்பு இலை, சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகிய மூன்றிலும் சபோனின் என்னும் பொருள் இருக்கிறது. சோப்பைக் குறிக்கும் 'சாபோ' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சபோனின் மூலக்கூற்றின் ஒரு பகுதி சர்க்கரையால் ஆனது. அது நீரை நாடும். மறு பகுதி எண்ணெயை நாடும். தலையில் உள்ள எண்ணெயையும் அழுக்கையும் ஒரு பகுதி பற்றிக்கொள்ள, மற்றொரு பகுதி நீரோடு சேர்ந்து இழுத்துச் செல்கிறது. சோப்பும் ஷாம்புவும் செய்யும் வேலையும் இதுவேதான்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் மேற்புறத்தில் ஓட்டு வீட்டுக் கூரைபோல் நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. காரத்தன்மை மிகுந்த நீரில் முடி உப்பி, இச்செதில்கள் தூக்கிக்கொள்ளும்; முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழும். இலேசான அமிலத்தில் அவை படிந்து கிடக்கும், முடி பளபளக்கும்.

நம் கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரின் அனுமதி பெற்று, பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். குளியல் சோப்புக் கரைசல் 9-க்கும் 10-க்கும் இடையே காட்டியது. சீயக்காய் வடிநீர் 5-க்கும் 6-க்கும் இடையே நின்றது. அரப்பு நீர் நடுநிலையான 7-க்குச் சற்றுக் கீழே இருந்தது. பிறகு எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரை இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்து, ஒன்றில் சோப்பும் மற்றொன்றில் அரப்பும் இட்டுக் குலுக்கினேன். சோப்புக் குழாயில் வெள்ளைத் திரள் மிதந்தது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத உப்பாக மாறுவதே அதற்குக் காரணம். அரப்புக் குழாயில் திரளும் இல்லை, நுரையும் குறையவில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் சோப்புப் போட்ட தலை ஏன் பிசுபிசுக்கிறது, அரப்புப் போட்ட தலை ஏன் பிசுபிசுப்பதில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஷாம்புவைப் பழிப்பதும் நேர்மையாகாது. இன்றைய ஷாம்புகளில் பல இலேசான அமிலத்தன்மையோடுதான் தயாராகின்றன. அவை கடின நீரிலும் நுரைக்கின்றன.

வடிநீர் செய்யும் முறை

பத்துச் சீயக்காய்களைத் தட்டி, விதை நீக்கி, அரை லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைக்கவும். காலையில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியபின் துணியில் வடிகட்டவும். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தையோ, ஒரு கைப்பிடி செம்பருத்தி இலையையோ சேர்த்து ஊற வைத்தால் வழுவழுப்பு இறங்கி, முடியின் மேல் படலமாகப் படிந்து சிக்கெடுக்க உதவும். அரப்பைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் போதும்.

தேயிலையைக் கொதிக்க வைத்து வடித்த நீரால் தலையை அலசுவோரும் உண்டு. தேயிலையின் டானின்கள் முடியின் புரதத்தில் ஒட்டி இலேசான பழுப்பு நிறம் தரும்; சில முறை குளித்தால் அது போய்விடும். தேயிலையில் உள்ள காஃபீன் முடியை வளர்க்கும் என்பார்கள். ஜெர்மனியில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், உடலிலிருந்து தனியே எடுத்த முடி வேர்களைக் காஃபீன் கரைசலில் வைத்தபோது வளர்ச்சி கூடியது உண்மையே. ஆனால் இரண்டு நிமிடம் ஊற்றிக் கழுவும் நீர் அதைச் செய்யும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள்: கண்ணில் பட்டால் சபோனின் கடுமையாக எரியும். வடித்த நீரில் கிருமிகள் விரைவில் பெருகும். ஆகவே அன்றன்றே செய்து அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

முடி வளருமா?

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். வெளியே தெரியும் முடி உயிரற்றது. வளர்ச்சி முழுவதும் தோலுக்கு அடியிலுள்ள வேரில், இரத்தம் கொண்டுவரும் சத்தைக் கொண்டு நடக்கிறது. மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளரும். நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. கருவுற்ற காலத்தில் உதிராமல் நின்ற முடிகள், பிள்ளை பெற்ற இரண்டு முதல் நான்கு மாதங்களில் ஒன்றாகக் கொட்டும். பெரும்பாலோர்க்கு ஓராண்டிற்குள் அவை தாமே முளைத்துவிடும். கடுங்காய்ச்சல், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவையும் முடியைக் கொட்ட வைக்கும். இவற்றுள் எதையும் அரப்பு தீர்க்காது.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. மூன்று மடங்கு விலை வேண்டாம் என்று சொல்வதல்லவா அது? அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொய் சொல்லி வித்தா மறு சந்தைக்கு மூஞ்சி காட்ட முடியாது. நீயே வந்து அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப் போடு" என்றார்.

மறு வாரம் கூடைக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். குழந்தைக்கு நான்கு மாதம் என்று அந்தப் பெண் சொன்னார். இந்த உதிர்வு தானே நிற்கும் என்றும், களைப்பும் இருப்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்ப்பது நல்லது என்றும் சொன்னேன். இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்களாம். மூலிகைப் பொடிக்கு என்று முடிந்து வைத்திருந்த பணத்தில் அன்று அரைப்படி அரப்பு மட்டும் வாங்கிப் போனார்.

இப்போது எங்கள் கூடையிலும் ஓர் அட்டை இருக்கிறது. எழுதியவள் நான்: "அரப்பு. அழுக்குப் போகும். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்." விற்பனை முன்போலவேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் உரலும் அம்மியும் இருக்கின்றன. அவற்றின் பின்னே நாம் பாடநூலில் படிக்கும் வேதியியலும் இருக்கிறது. பழையது என்பதால் அதை இகழவும் வேண்டாம். நம்முடையது என்பதால் இல்லாத பெருமையை ஏற்றவும் வேண்டாம். சோதித்துப் பார்ப்போம். நான் மீண்டும் அரப்புக்கே திரும்பிவிட்டேன். இப்போது வாடையைப் பற்றி யாராவது கேட்டால், பி.எச். தாளிலிருந்து தொடங்குகிறேன்.