சைக்கிளுக்கு ஒரு தனிப் பாதை

கனடா தேசத்து டொராண்டோ நகரின் பிரதான வீதிகளுள் ஒன்றான புளூர் வீதியில், 2016-ஆம் ஆண்டு, சுமார் 2.4 கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிள்களுக்கெனத் தனிப் பாதை பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டபோது, கார் நிறுத்த இடம் குறைந்தால் வாடிக்கைக்காரர் வரமாட்டார்களே என்று வியாபாரிகள் கவலையுற்றனர். லாரியின் பக்கக் கண்ணாடி முழங்கையை உரசிவிடுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களோ, வெள்ளைக் கோட்டுக்கும் சிறு கம்பங்களுக்கும் அப்பால் நிம்மதியாகப் பிரயாணம் செய்ய வழி பிறந்ததே என்று சந்தோஷித்தனர்.

இந்த அபிப்பிராய பேதத்தை வெறும் வாக்குவாதத்துக்கு விட்டுவிடாமல், கடைகளுக்கு வருவோரையும் அவர்கள் செலவிடும் தொகையையும் விசாரித்துக் கணக்கெடுத்ததில், இரண்டுமே கூடியிருப்பது தெரியவந்தது. 2017 நவம்பரில் நகரசபை அப்பாதையை நிரந்தரமாக்கியது.

வீதி பொதுச் சொத்து. சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கும் அதில் பங்குண்டு என்பதை நாம் மறவாதிருப்போமாக.