குறி கடைசியில் வரட்டும்

வில்லைக் கையில் வாங்கியதும் எந்தப் பிள்ளையும் முதலில் பார்ப்பது எதிரே இருக்கும் மஞ்சள் வட்டத்தைத்தான். அதற்காகவே, சத்தியமங்கலத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் மைதானத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தத் தாளை ஒட்டுவதே கிடையாது. வெறும் ஃபோம் பலகை, அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான். கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோருக்கு இதில் வருத்தம். "ஏனுங் மாஸ்டர், குறி பார்க்கறது எப்பச் சொல்லித் தருவீங்க?" என்று வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே கேட்பார்கள். "அது கடைசியிலதானுங்க வரும். மொதல்ல நிக்கோணும், இழுக்கோணும், விடோணும்" என்பேன்.

இப்படிப் பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அம்பின் நீளம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக்கில் எய்யும் தூரம் 70 மீட்டர். அம்பின் நீளத்தைப்போல் நூறு மடங்கு. நாணை இழுத்துத் தாடைக்கடியில் கொண்டுவந்து வைக்கும் கை, இந்த முறை ஒரு மில்லிமீட்டர் மேலே போய்விட்டால் இலக்கில் அம்பு பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். அந்தத் தாளின் குறுக்களவு 122 செ.மீ. நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 12.2 செ.மீ. மட்டும். கண் அசையாமல் நடுப்புள்ளியிலேயே இருந்திருக்கும். ஆனாலும் பத்து போய் ஒன்பது வந்துவிடும். கழுகுப் பார்வை இருந்து பயனில்லை, கை தினமும் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும். அதைப் பழக்கிவிட்டால் குறி பார்ப்பது சின்ன வேலை.

எங்கள் பக்கம் வில் என்றதும் பெரியவர்கள் வல்வில் ஓரியைத்தான் சொல்வார்கள். கொல்லிமலையில் ஆடி மாதம் அரசே ஓரிக்கு விழா எடுக்கிறது, அதில் வில் போட்டியும் உண்டு. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகத் துளைத்துப் போய் உடும்பில் நின்றது என்று வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். கொங்கு நாட்டை ஆண்ட சேரருக்குக் கொடியே வில்தான். ஆனால் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் மனதில், பலம் இருந்தால் வில் வந்துவிடும் என்று ஒன்று பதிந்துபோகிறது. பிள்ளைகளுக்கு மட்டுமா, வாங்கிக் கொடுக்கிற மாமாமார்களுக்கும்தான்.

கெஞ்சனூர்ப் பக்கத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடியும் முன்பே பூப்பறிக்க இறங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள், சாயங்காலம்தான் பயிற்சிக்கு வர முடியும். அவளுடைய மாமா ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த வில்லோடு வந்தாள். லிம்பில், அதாவது வில்லின் வளையும் பகுதியில், 34 பவுண்டு என்று அச்சடித்திருந்தது. நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும் ரிகர்வ் வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறையும். அவள் கைக்கு 24 அங்குலம்தான் வரும். அப்படிப் பார்த்தாலும் 26 பவுண்டு. சின்ன உடம்பு. இழுக்கும்போது இடுப்பு பின்னால் சாய்ந்தது, இடது தோள் காது வரைக்கும் ஏறியது, தலை தானாக நாணைத் தேடிப் போனது. முன்கையின் உட்பக்கத்தில் நாண் அடித்து நீலம் பாரித்திருந்தது. அடுத்த அம்பை விடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வலிக்கும் என்று தெரிந்த கை நடுங்கத்தானே செய்யும்?

இந்த இடத்தில் நிறையப் பயிற்சியாளர்கள் "தோளை இறக்கு, தலையை நேராக வை, கையை நடுக்காதே" என்று வரிசையாகத் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தத் தப்பு எல்லாவற்றையும் செய்ய வைத்தது வில்லின் எடை. எடையைக் குறைத்தால் பாதி தானாகப் போய்விடும். அவளுடைய வில்லில் பிடி தனி, இரண்டு லிம்புகள் தனி, கழற்றி மாட்டலாம். மைதானத்திலிருந்த 16 பவுண்டு லிம்பை மாட்டிக் கொடுத்தேன். முழுதாக இழுத்து, பத்து எண்ணும்வரை தோள் நடுங்காமல் நிறுத்த முடிகிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் சோதனை. பிள்ளைகளுக்கு 14 முதல் 18, வளர்ந்தவர்களுக்கு 20 முதல் 24 பவுண்டு போதும். கடையில் வாங்கும்போது லிம்பைக் கழற்றக்கூடிய வில்லாகக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்தக் கையால் இழுப்பது என்பதைக் கண் முடிவு செய்கிறது. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை விட்டு, வடக்கே தெரியும் மலையில் ஏதாவது ஒரு முகட்டை அந்த ஓட்டைக்குள் பார்க்கச் சொல்வேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது முகடு ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அந்தக் கண்தான் மூத்த கண். வலது கண் என்றால் வலது கையால் இழுக்க வேண்டும். சோற்றுக்கை வலது, கண் இடது என்று வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைத் தொடக்கத்திலேயே இடது கைக்குப் பழக்குவது என் வழக்கம். நிற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு கால், தோள் அகலம், எடை இரண்டு பாதத்திலும் சமமாக, முட்டியை விறைக்காமல்.

நாண் முன்கையில் அடிப்பதற்கு மருந்து முழங்கையில் இருக்கிறது. அந்தப் பெண்ணைக் கதவு நிலையில் உள்ளங்கையை ஊன்றச் சொன்னேன். "அம்மணி, கை அசையக் கூடாது. முழங்கைய மட்டும் திருப்பு." முதலில் மொத்தக் கையும் திரும்பியது. பிறகு பிடிபட்டது: முழங்கை மடிப்பு வானத்தைப் பார்த்தபடி இருந்தது, மெல்லத் திரும்பிச் சுவர்ப் பக்கம் பார்த்தது. அப்படித் திருப்பினால் முன்கையின் சதை நாணின் வழியிலிருந்து விலகிவிடும். முன்கைக்கு ஆர்ம்கார்டு கட்டத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. வில்லைப் பிடிப்பதிலும் அதே கவனம். பிடி, கட்டைவிரல் மேட்டில் மட்டும் அமர வேண்டும். விரல்களால் இறுக்கினால் வில் திருகி, வலது கைக்காரருக்கு அம்பு இடதுபக்கம் போகும். வில் கீழே விழுந்துவிடுமோ என்கிற பயத்தில்தான் எல்லோரும் இறுக்குகிறார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு கயிறு கட்டிக்கொண்டால் அந்தப் பயம் போய்விடும்.

நாணைப் பிடிக்கும் கைக்கு நான் வைத்திருப்பது ஒரு தூக்குப்போசி. முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அதன் கைப்பிடியை மூன்று விரல்களின் முதல் மூட்டு மடிப்பில் தொங்கவிட்டுத் தூக்கச் சொல்வேன். அந்த நேரத்தில் கையை உற்றுப் பாருங்கள். விரல் நுனி மூன்றும் மடங்கியிருக்கும். புறங்கை தட்டையாக, மணிக்கட்டு நேராக இருக்கும். கட்டைவிரலுக்கு வேலையே இருக்காது. நாணை இழுப்பதும் இதே மாதிரிதான், அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு. விடுவதற்கு விரலை விரிக்கக் கூடாது. போசியைத் தரைக்கு அரை அடி மேலே பிடித்துக்கொண்டு, விரலைத் தளர்த்து என்பேன். கைப்பிடி தானாக நழுவிப் போகும். விரல்கள் சற்று நீண்டு நிற்குமே தவிர விரியாது. தண்ணீர் சிந்தும், பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் ரிலீஸ் என்றால் என்ன என்று கைக்குப் புரிந்துவிடும். விரலை விரித்து நாணைப் பறிக்கிறவர்களுக்கு அம்பு இடதுபக்கம் சிதறும். அவள் பலகையில் நான் முதல் நாள் பார்த்ததும் அந்தச் சிதறலைத்தான்.

இழுத்த கை வந்து நிற்கும் இடத்தை ஆங்கர் என்கிறோம். ஆள்காட்டி விரல் தாடை எலும்புக்கு அடியில் ஒட்ட வேண்டும், நாண் முகவாயின் நடுவிலும் மூக்கு நுனியிலும் தொட வேண்டும். மூன்று இடத்திலும் தொட்டதா என்று தோலே சொல்லிவிடும், கண் தேவையில்லை. அதனால்தான் மூன்று மீட்டரில் நிறுத்திக் கண்ணை மூடி எய்யச் சொல்கிறேன். அத்தனை பெரிய பலகை அத்தனை அருகில் இருக்கும்போது அம்பு தப்பாது. தப்பாது என்று தெரிந்தால் மனம் உடம்புக்குள் திரும்பும். அங்கிருந்துதான் முதுகு வேலை ஆரம்பிக்கிறது. கையாலேயே இழுத்துப் பிடித்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். தோள்பட்டை எலும்புகள் முதுகுத்தண்டை நோக்கி நெருங்க வேண்டும், முழங்கை பின்னால் சுற்றி வர வேண்டும். அவளுக்குப் பின்னால் நின்று, தோள்பட்டைக்கு நடுவில் என் பேனாவை வைத்து, "இதைக் கவ்வு கண்ணு" என்றேன். விட்ட பிறகு இழுத்த கை கழுத்தை உரசிக்கொண்டு காதுக்குப் பின்னால் போய் நின்றது. முதுகு இழுத்திருந்தால் மட்டும்தான் கை அப்படிப் பின்னால் போகும். அவளிடம் அதைச் சொல்லாமல் இன்னொரு அம்பு எய்யச் சொன்னேன்.

ஒரு நாளைக்கு ஒரு திருத்தம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. முழங்கை என்று முடிவு செய்த நாளில் ரிலீஸ் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஒரே மூச்சில் ஐந்து விஷயம் கேட்ட பிள்ளை ஐந்தையும் யோசிக்கும்; யோசித்துக்கொண்டே நாணை விட முடியாது.

ஃபார்ம் என்றால் புத்தகப் படத்தில் இருப்பதுபோல் நிற்பது என்று நினைக்கிறவர்களிடம் ஷீத்தல் தேவியைப் பார்க்கச் சொல்கிறேன். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் பகுதிப் பெண், பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலால் வில்லைத் தூக்கி, தோளால் நாணை இழுத்து, வாயால் விடுவிக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணியில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத நிலை, ஆனால் ஒவ்வொரு அம்புக்கும் அதே நிலை. அதே பாரிஸில் ரிகர்வ் பிரிவில் ஹர்விந்தர் சிங் தங்கமே வாங்கினார். ஒலிம்பிக்கில் மட்டும் இந்தியாவுக்கு வில்வித்தையில் இன்னும் ஒரு பதக்கமும் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் தீரஜ் பொம்மதேவராவும் அங்கிதா பகத்தும் நான்காம் இடத்தோடு திரும்பினார்கள். தென்கொரியப் பெண்கள் அணியோ 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக்கிலும் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கண்டிப்புகள் சில உண்டு. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை லிம்புக்குள் போய் அது உடைந்து முகத்தில் தெறிக்கலாம். வீட்டில் பழகுவதற்கு ரப்பர் பட்டை போதும். மைதானத்தில் இரண்டு விசில் அடித்தால் கோட்டுக்கு வர வேண்டும், ஒன்று அடித்தால் எய்யலாம், மூன்று அடித்தால்தான் அம்பெடுக்கப் போகலாம். உலகப் போட்டிகளிலும் இதுதான் வழக்கம். பலகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு இருக்க வேண்டும். இன்னொன்று, எங்கள் ஊர்க்காரர்களுக்கு: பண்ணாரி தாண்டினால் புலிகள் காப்பகம். விளையாட்டு வில்தானே என்று வண்டியில் மாட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போகாதீர்கள். வனத்துறை பிடித்தால் பதில் சொல்ல முடியாது, பிடிப்பதும் நியாயம்தான்.

அந்தப் பெண்ணை மூன்று மீட்டரிலிருந்து பத்துக்கு நகர்த்தியபோதுதான் தாளை ஒட்டினேன். ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தால் தூரத்தைக் கூட்டலாம் என்பது ஏற்பாடு. எங்கே விழுகிறது என்பது முக்கியமில்லை, ஒன்றாக விழ வேண்டும். ஒன்றாக விழுந்த அம்பை நடுவுக்குக் கொண்டுவர ஒரு திருகாணி போதும்: அம்பு இடதுபக்கம் போனால் குறி பார்க்கும் சைட்டையும் இடதுபக்கமே நகர்த்த வேண்டும், கீழே போனால் கீழே. சிதறி விழுவதற்கு எந்தத் திருகாணியும் உதவாது.

இப்போது அவள் 18 மீட்டரில் இருக்கிறாள். ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. வில் பிடித்த கை அலைகிறது. அம்பை எப்படியாவது விட்டுத் தொலைக்கத் தோன்றும் நேரம் அது. "இறக்கு அம்மணி, மறுபடி இழு" என்று அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. இழுத்த நாணை விடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவருவதையும் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறேன். இந்த வாரம் அவளுக்கு அது மட்டும்தான்.