நகரும் வீட்டுக்கு எந்தக் குளிர்சாதனப் பெட்டி?

கேரவன் என்றால் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் மெல்ல மாறி வருகிறது. கேரளம் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியுடன் மாற்றியமைக்கப்பட்ட வேன்களை நமது கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் காண முடிகிறது. திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் தரிசனம், மாமல்லபுரத்தில் ஓர் இரவு, சதுரங்கப்பட்டினம் வழியாகப் புதுச்சேரி என்று மூன்று நாள் பயணம் புறப்படும் குடும்பத்துக்கு இது வசதியான ஏற்பாடுதான்.

இத்தகைய குடும்பத்தில் பெரும்பாலும் முதியவர் ஒருவர் இருப்பார்; அவருக்கு இன்சுலின் தேவைப்படலாம். பிரிக்கப்படாத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். அது உறைந்துபோனாலும் வீண்தான். எனவே, வேனுக்குள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியை வெறும் ஆடம்பரமாகக் கருதிவிட முடியாது.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது, காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு பெட்டி. கம்ப்ரசர் இல்லாமல், மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகட்டைக் கொண்டு இயங்குவது. வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரையே இதனால் குறைக்க முடியும். சித்திரை மாதத்தில் வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 18 டிகிரிக்குக் கீழே இறங்காது. பூட்டிய வேனுக்குள் நிலைமை இன்னும் மோசம். 50 வாட் வீதம் ஓய்வின்றி ஓடினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட் மின்சாரமும் போய்விடும். விற்பவர்கள் இதையும் குளிர்சாதனப் பெட்டி என்றே சொல்லி விற்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

சமையல் எரிவாயுவில் இயங்கும் வகை, ஐரோப்பிய, அமெரிக்க கேரவன்களில் நெடுங்காலம் கோலோச்சியது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். கடும் வெப்பத்தில் அதன் திறன் குன்றும். மூடிய வேனுக்குள் சுடர் எரிவதால் ஆபத்தும் உண்டு. நமது கடற்கரைக்கு அது ஒத்துவராது.

எஞ்சியிருப்பது கம்ப்ரசர் வகை. இங்கேதான் கணக்கு தேவைப்படுகிறது. 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இயங்கும் 40, 50 லிட்டர் பெட்டியின் விலை, அதே கொள்ளளவுள்ள சாதாரண வீட்டுப் பெட்டியின் விலையைப்போல் இரு மடங்குக்கும் மேல். அப்படியானால் வீட்டுப் பெட்டியையே வாங்கி ஓர் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால் என்ன?

என்னிடம் பொருளியல் பயின்ற ஒருவர், வேன் ஒன்றை மாற்றியமைத்து வாடகைக்கு விடக் கடன் வாங்கும் முயற்சியில் இருக்கிறார். அவர் காட்டிய திட்ட மதிப்பீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு வரி இருந்தது. அதற்கான பேட்டரிக்கு வரியே இல்லை. வீட்டில் மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. அரை யூனிட் கூடினாலும் குறைந்தாலும் சில ரூபாய்தான். வேனில் ஒவ்வொரு யூனிட்டையும் நாமே உண்டாக்கி, நாமே சேமித்து, நாமே சுமக்க வேண்டும். 12 வோல்ட் பெட்டி சுமார் 50 வாட் வீதம், வெயில் காலத்தில் நாளில் பாதி நேரம் ஓடினால் 600 வாட் மணி செலவாகும். வீட்டுப் பெட்டியும் ஏறத்தாழ அவ்வளவே எடுக்கும். ஆனால், இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே 10 வாட் கேட்டால் 24 மணி நேரத்தில் 240 வாட் மணி. மின்சாரத்தை மாற்றுவதில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் செலவு 1,000 வாட் மணியை நெருங்கும். அந்த அதிகப்படி 400 வாட் மணிக்காகப் பெரிய பேட்டரியும் பெரிய சோலார் பலகையும் வாங்கும்போது, பெட்டியின் விலையில் மிச்சப்பட்டது அங்கே கரைந்துபோகும்.

நம் வீடுகளில் இன்வெர்ட்டருடன் இருக்கும் 150 ஏ.எச். ஈய அமில பேட்டரி, காகிதத்தில் 1,800 வாட் மணி. நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதாவது ஒன்றரை நாள். எடையோ 50 கிலோவை ஒட்டி வரும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் படுக்கையின் அடியில் வைக்கவும் கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 100 ஏ.எச். போதும், எடை அதன் கால்வாசிதான். விலை அதிகம் என்றாலும், வாரந்தோறும் ஓடும் வாடகை வண்டிக்கு இதுவே சிக்கனம். எதுவாயினும் வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் பெட்டியை இணைக்கக் கூடாது. விடிந்ததும் வண்டி கிளம்பாது!

சேமித்ததை நிரப்புவது எப்படி? ஓடும்போது எஞ்சினிலிருந்து 30 ஆம்பியர் சார்ஜர் வழியாக எடுத்தால், திருக்கழுக்குன்றத்திலிருந்து புதுச்சேரி போய்ச் சேரும் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஒரு நாள் தேவைக்குமேல் கிடைத்துவிடும். நிற்கும்போது சோலார். நம் வட்டாரத்தில் முழு வெயிலுக்கு நிகரான நேரம் நாளொன்றுக்குச் சுமார் 5 மணி. இழப்புகள் போக 200 வாட் பலகை 700 வாட் மணி தரும். ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவோம்? சவுக்குத் தோப்பின் நிழலில்தானே! கூரையிலுள்ள பலகைக்கு வெயில் வேண்டும், உள்ளிருக்கும் மனிதருக்கும் பெட்டிக்கும் நிழல் வேண்டும். நீண்ட கம்பியுடன் வெயிலில் விரிக்கக்கூடிய மடிப்புப் பலகை இந்தப் பிணக்கை ஓரளவு தீர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் உதவாது. இன்னொன்று: மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்து, பேட்டரி தீர்ந்துவிட்டதென எண்ணிப் பெட்டி தானே நின்றுவிடும். பழியைப் பெட்டியின்மேல் போடுவதற்கு முன் கம்பியின் தடிமனைப் பார்க்க வேண்டும்.

குளிரை உண்டாக்குவதைவிடக் காப்பது மலிவு. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏற்றப்பட்ட சுமார் 180 டன் பனிக்கட்டியில் ஏறத்தாழ 100 டன், நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகும் உருகாமல் கொல்கத்தா வந்து சேர்ந்தது. அந்த வணிகத்துக்காக 1842-இல் சென்னையில் எழுந்ததுதான், இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ். அன்று காப்பு மரத்தூள், இன்று தெர்மோகோல். நமது மீனவப் பெண்கள் அன்றாடம் செய்வதும் இதையே. 10 கிலோ பனிக்கட்டி உருகும்போது ஈர்க்கும் வெப்பத்தை அகற்ற, ஒரு கம்ப்ரசர் பெட்டி கிட்டத்தட்ட ஒரு நாள் மின்சாரத்தைச் செலவிட வேண்டும். இரண்டு நாள் பயணத்தில் பால், தயிர், மீன் மட்டும்தான் என்றால், தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டியே போதுமானது. கடன் வாங்கத் தேவையில்லை. இன்சுலின் இருந்தால் கம்ப்ரசர் பெட்டிதான், அதுவும் மேலே மூடி திறக்கும் வகை. பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று கீழே வழிந்துவிடும்.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சதுரங்கப்பட்டினத்தில் நிறுத்தப்பட்ட வேனுக்குக் கூப்பிடு தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம்; வண்டிக்கு ஒரு யூனிட் பெற வழியில்லை. மாமல்லபுரத்திலும் முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு இடங்கள் உள்ளன. அவற்றின் வாகன நிறுத்தங்களில் மீட்டர் பொருத்திய 16 ஆம்பியர் பிளக் நான்கைந்து வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று எழுதி ஒட்டினால், வாடகை வேன் நடத்துபவர் தம் பேட்டரியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.